எட்டை ஆறாக்கிய ஸ்கிரீன்!

 

இந்த வாரம் ஒரு வாசகர் கடிதத்தில் இருந்து ஸ்டார்ட் பண்ணுவோம். எழுதியிருப்பவர் சாத்தாங்காட்டுத் தம்பி ஒருவர். பெயர் போட வேண்டாமாம். ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே புரியும்.

"அண்ணா, நான் டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சுட்டேன். பகல்ல ஒரு இரும்பு யார்டு ஆபீஸ்ல வேலை. ராத்திரி ஸ்டீல் டீட்டெய்லிங் கத்துக்கிறேன். லேப்டாப் வாங்கச் சொல்லி அம்மா சீட்டு எடுத்து 45 ஆயிரம் கொடுத்து ஆறு மாசம் ஆச்சு. இன்னும் வாங்கலை. 'பொறுடா, அடுத்த வருஷம் வர்ற லேப்டாப் எல்லாத்துலயும் 4கே ஸ்கிரீன்தான், இப்ப வாங்கினா காசு தண்டம்'னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. வாங்கட்டுமா, வெயிட் பண்ணட்டுமா?"

இதே கேள்வியை உங்களில் பல பேர் விதவிதமாகக் கேட்டிருக்கிறீர்கள். 'அடுத்து என்ன ஸ்கிரீன் வரும்?' என்று ஆரூடம் சொல்வது ஜாலியான விளையாட்டுதான். ஆனால் இந்தத் தம்பி விஷயத்தில் அது விளையாட்டாகத் தெரியவில்லை. சரி, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று போன சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

சாத்தாங்காடு தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன இன்ட்ரோ. வடசென்னையில் திருவொற்றியூருக்கும் மணலிக்கும் பக்கம். ஜார்ஜ் டவுனின் குறுகலான தெருக்களில் லாரி நுழைய முடியாமல் திணறிய இரும்பு மொத்த வியாபாரத்தை வெளியே கொண்டு வருவதற்காக சி.எம்.டி.ஏ. அமைத்த இரும்பு, எஃகு மார்க்கெட் இங்கேதான் இருக்கிறது. பிளேட், ஷீட், ஆங்கிள், சேனல், பீம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இரும்பு. ஒரு டிரெய்லர் திரும்பி முடிக்கும் வரை பத்து டூ வீலர் நிற்கும். கேஸ் கட்டிங் பொறி ஒரு பக்கம், கிரேன் சத்தம் ஒரு பக்கம். இதற்கு நடுவில்தான் நம்ம தம்பியின் டேபிள்.

டேபிள் மேல் ஒரு பழைய லேப்டாப். அக்கா 2017இல் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப். 14 இன்ச். ரெசொல்யூஷன் 1366 × 768.

"இதுலதான்ணா எல்லாம் பண்றேன். இதாலதான் ஒரு வாட்டி நல்லா மாட்டிக்கிட்டேன்" என்று ஆரம்பித்தார்.

385ஆ? 365ஆ?

நடந்தது இதுதான். ஒரு கஸ்டமரிடம் இருந்து பி.டி.எஃப்.பில் ஒரு டிராயிங் வந்தது. 10 எம்.எம். பிளேட்டில் 16 துண்டு வெட்டணும். தம்பி டிராயிங்கை முழுசாக ஸ்கிரீனில் வைத்து, அளவைப் பார்த்து, துண்டுப் பேப்பரில் எழுதி கட்டிங் ஆளிடம் கொடுத்துவிட்டார். நீளம் 365. வெட்டியாச்சு, டெலிவரியும் போயாச்சு. மறுநாள் காலை போன். டிராயிங்கில் இருந்தது 385!

அதிகமாக வெட்டியிருந்தால் மறுபடி 20 எம்.எம். எடுத்துவிடலாம். குறைவாக வெட்டிய இரும்பை இழுத்து நீட்ட முடியுமா? 16 துண்டும் ஸ்கிராப். நஷ்டத்தை மூணு மாசம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அதே யார்டில்தான் அப்பா லோடுமேன். அவர் ஒரு வார்த்தைகூட சொல்லவில்லையாம். "திட்டியிருந்தாகூட பரவால்லண்ணா" என்றார் தம்பி.

'ஜூம் பண்ணிப் பார்த்திருக்க வேண்டியதுதானே?' என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. நானும் அதைத்தான் கேட்டேன்.

"ஜூம் பண்ணா முழு டிராயிங் தெரியாதுண்ணா. இது எந்த வியூவோட அளவுன்னு குழம்பிடும். அதனால முழுசா வச்சே பார்த்துப் பழகிட்டேன்."

தப்பு அவருடையதுதான், அவரே ஒத்துக்கொள்கிறார். ஆனால் அந்த ஸ்கிரீனுக்கும் அதில் பங்கு உண்டு. எப்படி என்று ஒரு கணக்குப் போடுவோம். பயப்படாதீங்க, பெருக்கல், வகுத்தல் மட்டும்தான்!

ஒரே ஒரு கட்டம்

ஸ்கிரீன் என்பது ஒரு கிராஃப் பேப்பர் மாதிரி. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். 1366 × 768 என்றால் குறுக்கே 1366 கட்டம், மேலிருந்து கீழே 768 கட்டம். மொத்தம் 10 லட்சத்து 49 ஆயிரத்துச் சொச்சம்.

தம்பிக்கு வந்தது ஏ3 சைஸ் டிராயிங். உயரம் 297 எம்.எம். ஸ்கிரீனில் 768 கட்டம் இருந்தாலும் டாஸ்க் பார், மெனு, டூல் பார் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டது போக, டிராயிங்குக்கு மிஞ்சுவது சுமார் 600. அதாவது ஒரு எம்.எம்.முக்கு 2 கட்டம். டிராயிங்கில் அளவு எண்களை 2.5 எம்.எம். உயரத்தில் எழுதுவது வழக்கம். அப்படியானால் ஒரு எண்ணுக்குக் கிடைப்பது வெறும் 5 கட்ட உயரம்!

இப்போ உங்க நோட்டை எடுங்க. 5 கட்டம் உயரம், 3 கட்டம் அகலத்தில் ஒரு 8 போடுங்க. பக்கத்திலேயே ஒரு 6 போடுங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? வலது பக்கம் மேலே ஒரே ஒரு கட்டம்! அந்த ஒரு கட்டம்தான் 16 துண்டு இரும்பைக் குப்பையாக்கியது.

அதே டிராயிங்கை 1920 × 1080 ஸ்கிரீனில் வைத்தால்? கழிவு போக சுமார் 900 கட்டம் மிஞ்சும். எண்ணுக்கு ஏழரை கட்டம். 1920 × 1200 என்றால் எட்டரை. 3840 × 2160, அதாவது 4கே என்றால் 15. அப்போ ஃப்ரெண்ட்ஸ் சொல்வது சரிதானே, 4கே வரும் வரை காத்திருக்கலாமே என்கிறீர்களா? அங்கேதான் மேட்டரே இருக்கு.

ஜோசியம் பலிச்சுதா?

லேப்டாப் ஸ்கிரீன் பற்றிய ஆரூடங்களுக்கு ஒரு பெரிய சரித்திரமே உண்டு. முக்கால்வாசி பலிக்காத சரித்திரம்!

2001இல் ஐ.பி.எம். நிறுவனம் டி220 என்று ஒரு மானிட்டர் கொண்டுவந்தது. 22 இன்ச்சில் 3840 × 2400. இன்றைய 4கேயை விட ஜாஸ்தி! 2003இல் டெல் இன்ஸ்பிரான் 8500 லேப்டாப்பை 15.4 இன்ச்சில் 1920 × 1200 ஸ்கிரீனோடு வாங்க முடிந்தது. அதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? 'இன்னும் அஞ்சு வருஷத்துல எல்லா லேப்டாப்பும் இப்படித்தான்' என்றுதானே?

நடந்தது தலைகீழ். 2008க்குப் பிறகு லேப்டாப்கள் ஒவ்வொன்றாக 16:9 என்ற டிவி வடிவத்துக்கு மாறின. அதுவரை சாதாரண லேப்டாப்பில் இருந்தது 1280 × 800. அதன் இடத்துக்கு வந்தது 1366 × 768. நல்லா பாருங்க, அகலம் கூடியது, உயரம் 32 கட்டம் குறைந்தது! இந்த 1366 என்ற விசித்திர நம்பர் எங்கிருந்து வந்தது தெரியுமா? பழைய 1024 × 768 மானிட்டரின் 768ஐ அப்படியே வைத்துக்கொண்டு, 16:9 விகிதத்தில் அகலத்தைக் கணக்குப் போட்டால் 1365.33 வரும். பாதிக் கட்டம், கால் கட்டம் எல்லாம் செய்ய முடியாதே, அதனால் 1366!

அடுத்த ஆரூடம் 2012 ஏப்ரலில். பெய்ஜிங்கில் நடந்த மாநாட்டில் இன்டெல் ஒரு கணிப்பைக் காட்டியது. 2013 வாக்கில் 11 இன்ச் லேப்டாப்பில் 2560 × 1440, 13 இன்ச்சில் 2800 × 1800, 15 இன்ச்சில் 3840 × 2160 என்று லிஸ்ட். இரண்டே மாதத்தில், ஜூன் 2012இல், ஆப்பிள் 15.4 இன்ச்சில் 2880 × 1800 உள்ள ரெட்டினா மேக்புக் ப்ரோவை இறக்கியது. 2013 பிப்ரவரியில் கூகுள் குரோம்புக் பிக்சல், 2560 × 1700. ஆஹா, ஜோசியம் பலிச்சிடுச்சு என்று எல்லோரும் குஷியானார்கள்.

ஆனால் யாருக்குப் பலித்தது? காசு உள்ளவர்களுக்கு. அதே 2012இல், இன்டர்நெட்டில் உலவுபவர்களின் ஸ்கிரீன்களைக் கணக்கெடுக்கும் ஸ்டேட்கவுண்டர் ஒரு செய்தி சொன்னது. உலகத்தில் அதிகம் புழங்கும் ரெசொல்யூஷன் இனி 1024 × 768 இல்லை, 1366 × 768 என்று! உச்சியில் ரெட்டினா வந்த வருஷம்தான் அடியில் 1366 சிம்மாசனம் ஏறிய வருஷம்.

நம்ம ஊரிலும் அதே கதைதான். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. முதல் வருஷத்துக்கு மட்டும் 9.12 லட்சம் லேப்டாப், ஐந்து வருஷத்தில் 68 லட்சம் என்பது திட்டம். எல்காட் மூலம் கொள்முதல். லட்சக்கணக்கான வீடுகளில் முதன்முதலாக நுழைந்த கம்ப்யூட்டர் அதுதான். அந்த 14 இன்ச் லேப்டாப்புகளில் இருந்த ஸ்கிரீன்? அதே 1366 × 768! தம்பியின் அக்காவுக்கு 2017இல் கிடைத்ததும் அதுவே.

எட்டுக்கு நாலு ஷீட் சொல்லும் ரகசியம்

ஏன் இப்படி? டெக்னாலஜி 2001லேயே தயார். அப்புறமும் எதுக்கு இவ்வளவு லேட்?

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு அந்த யார்டிலேயே கிடைத்தது. தம்பியின் அப்பா ஒரு எட்டுக்கு நாலு ஷீட்டைக் காட்டிச் சொன்னார்:

"தம்பி, இதுல ரெண்டு அடிக்கு ரெண்டு அடி துண்டு கேட்டா எட்டு துண்டு வரும். ஒரு பொட்டு வேஸ்ட் ஆவாது. அதே ரெண்டரைக்கு ரெண்டரை கேட்டான்னு வை, மூணுதான் வரும். மீதி அத்தனையும் கழிவு. அரை அடிதான் சேத்துக் கேட்டான், ரேட்டு எங்க போவுது பாத்தியா?"

லேப்டாப் ஸ்கிரீன் கதையும் அட்சர சுத்தமாக இதேதான்! ஸ்கிரீனை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. பெரிய ஒரே கண்ணாடியில் பல ஸ்கிரீன்களைச் சேர்த்துச் செய்து, பிறகு துண்டு போடுகிறார்கள். அந்தத் தாய்க் கண்ணாடிக்கு 'ஜெனரேஷன்' என்று நம்பர் உண்டு. ஐந்தாம் ஜெனரேஷன் கண்ணாடி சுமார் 1100 × 1300 எம்.எம். எட்டரையாம் ஜெனரேஷன் 2200 × 2500 எம்.எம். கிட்டத்தட்ட ஒரு ரூமின் தரை அளவு! எந்த வடிவத்தில் வெட்டினால் கழிவு குறையுமோ அந்த வடிவம்தான் ஜெயிக்கும். டிவிகள் எல்லாம் 16:9க்குப் போனதும், லேப்டாப்பும் அதே வடிவத்துக்குப் போனால் ஃபாக்டரிக்கு லாபம்.

இதில் ஒரு வேடிக்கை. பழைய 15.4 இன்ச் ஸ்கிரீன் 16:10 வடிவம். புதுசாக வந்தது 15.6 இன்ச், 16:9. எது பெரிசு? பெயரைப் பார்த்தால் 15.6தானே? பரப்பளவைக் கணக்குப் போட்டால் பழையது சுமார் 688 சதுர செ.மீ., புதுசு சுமார் 671தான்! பெயர் பெரிசு, கண்ணாடி சிறிசு. மூலைக்கு மூலை அளப்பதில் இருக்கும் தந்திரம் இது.

ரெண்டாவது காரணம், கட்டம் கூடக் கூட ரிஸ்க்கும் கூடும். ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி டிரான்சிஸ்டர். 1366 ஸ்கிரீனில் சுமார் 31 லட்சம். 4கேயில் சுமார் 2 கோடியே 49 லட்சம்! அதில் சிலது பழுதானாலும் அந்தத் துண்டு ரிஜெக்ட் ஆகலாம். அதுபோக, ஒவ்வொரு புது டிசைனுக்கும் புது அச்சு செய்யணும். அதனால் ஓடுகிற அச்சையே வருஷக்கணக்கில் ஓட்டுவார்கள். லட்சக்கணக்கில் ஆர்டர் கொடுப்பவர்கள் எதைக் கேட்கிறார்களோ அதுதான் தொடர்ந்து உற்பத்தியாகும்.

மூணாவது, சாஃப்ட்வேர். விண்டோஸில் ரொம்ப காலம் ஒரு இன்ச்சுக்கு 96 கட்டம் என்ற கணக்கில்தான் புரோகிராம்கள் எழுதப்பட்டன. நெருக்கமான ஸ்கிரீனில் அவற்றை ஓட்டினால் எழுத்து எறும்பு சைஸுக்குப் போய்விடும். ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் தனித்தனியாக எழுத்தைப் பெரிதாக்கும் வசதி 2013இல் விண்டோஸ் 8.1இல்தான் வந்தது.

நாலாவது, பேட்டரி. கட்டங்கள் நெருங்க நெருங்கப் பின்னால் இருந்து வெளிச்சம் ஊடுருவும் இடம் குறையும். விளக்கை ஏற்றி வைக்கணும், சார்ஜ் சீக்கிரம் இறங்கும்.

ஆக ஃப்ரெண்ட்ஸ், அடுத்து என்ன ஸ்கிரீன் வரும் என்பதை முடிவு பண்ணுவது 'என்ன செய்ய முடியும்' என்பது இல்லை. 'எதை வெட்டினால் கட்டுப்படியாகும்' என்பதுதான்!

அப்போ என்னதான் வரும்?

நாமும் கொஞ்சம் ஜோசியம் சொல்லிப் பார்ப்போமே! ஆனால் கிளி ஜோசியம் வேண்டாம், நடந்ததை வைத்துச் சொல்வோம்.

2020இல் டெல் தன் எக்ஸ்.பி.எஸ். 13 லேப்டாப்பை மறுபடி 16:10 வடிவத்துக்குக் கொண்டுவந்தது, 1920 × 1200. அதன்பிறகு மற்ற கம்பெனிகளும் அந்தப் பக்கம் திரும்பின. பன்னிரண்டு வருஷம் கழித்து உயரம் திரும்பி வருகிறது! அதனால் நம் பட்ஜெட்டுக்குள் இனி வரப்போவது 4கே இல்லை, 1080க்குப் பதில் 1200 என்பது என் கணிப்பு. விலை கூடிய லேப்டாப்களில் 2560 × 1600, 2880 × 1800 மாதிரி நடுவாந்திர நம்பர்களும் ஓ.எல்.இ.டி.யும் ஓடும். 4கே ஓரமாக நிற்கும். போட்டியே இப்போது பிக்சல் எண்ணிக்கையை விட்டு, கலர், பிரைட்னெஸ், ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை படம் மாறுகிறது என்ற பக்கம் போய்விட்டது.

சரி, காத்திருந்தால் விலையாவது இறங்குமா? அதையும் நம்ப முடியாது. 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போனதில், மெமரி விலை இறங்குவதற்குப் பதில் ஏறியது.

உங்க கண்ணுக்கு எவ்வளவு வேணும்?

இன்னொரு விஷயம். கட்டங்களைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. டாக்டர் சொல்லும் 6/6 பார்வை உள்ளவர், 50 செ.மீ. தள்ளி உட்கார்ந்து லேப்டாப் பார்த்தால், ஒரு இன்ச்சுக்குச் சுமார் 175 கட்டம் வரைதான் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும்.

14 இன்ச் லேப்டாப்பை எடுத்துக்கொண்டால், 1366 × 768க்கு இன்ச்சுக்கு 112 கட்டம். 1920 × 1080க்கு 157. 1920 × 1200க்கு 162. 4கே என்றால் 315! பாருங்க, 112ல் இருந்து 157க்குப் போவது பெரிய தாவல், கண்ணுக்கு நல்லா தெரியும். 157ல் இருந்து 315க்குப் போனால் எழுத்து இன்னும் வழவழன்னு இருக்கும், ஆனால் பாதி பலன் கண்ணுக்கு எட்டாது. மொபைலை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம், அதனால் அங்கே 300 தேவை. லேப்டாப்பை யாரும் மூக்கில் ஒட்டிக்கொண்டு பார்ப்பதில்லையே!

தமிழ் படிக்கிறவர்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா காரணமும் இருக்கு. 12 பாயின்ட் எழுத்துக்குப் பழைய 96 கணக்கில் கிடைப்பது 16 கட்டம். அதற்குள் மேலே போகும் கொம்பு, கீழே தொங்கும் வால், நடுவில் சுழி எல்லாம் அடங்கணும். இங்கிலீஷ் எழுத்து அதில் ஹாயாக உட்கார்ந்துவிடும். நம்ம 'ஞ', 'ணூ', 'ஜூ' எல்லாம் அதற்குள் நசுங்கிப் போகும். பழைய மானிட்டரில் தமிழ் படித்துக் கண் வலித்ததாக நிறைய பேர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடையில் செய்ய வேண்டிய 6 டெஸ்ட்

1. ஸ்டிக்கரில் 'ஹெச்.டி.' என்று இருந்தால் மயங்காதீங்க. லேப்டாப் பாஷையில் வெறும் ஹெச்.டி. என்றால் பெரும்பாலும் 1366 × 768தான். 'ஃபுல் ஹெச்.டி.' என்றால்தான் 1920 × 1080. சந்தேகமா? டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் பண்ணி, டிஸ்ப்ளே செட்டிங்ஸில் நம்பரை நேரில் பாருங்க.

2. ஒரு தமிழ் நியூஸ் பேப்பர் சைட்டைத் திறங்க. ஜூம் பண்ணாமல் 'ஞ', 'ணூ' தெளிவாகத் தெரிகிறதா? இதைவிட ஈஸியான டெஸ்ட் கிடையாது.

3. உங்க வேலை எதுவோ அதைப் பென் டிரைவில் கொண்டுபோங்க. டிராயிங் படிக்கிறவர் டிராயிங், அக்கவுன்ட்ஸ் பார்க்கிறவர் அகலமான எக்ஸெல் ஷீட். கடைக்காரர் போடும் கிளி, அருவி வீடியோ எந்த ஸ்கிரீனிலும் அழகாகத்தான் இருக்கும்!

4. ஸ்கிரீனைப் பின்பக்கம் சாய்த்துப் பாருங்க, பக்கவாட்டில் நின்று பாருங்க. கலர் நெகட்டிவ் மாதிரி மாறினால் அது டி.என். பேனல். மாறாமல் இருந்தால் ஐ.பி.எஸ். ரெசொல்யூஷன் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு அனுபவம்.

5. பிரைட்னெஸை 'நிட்ஸ்' என்று சொல்வார்கள். யார்டு ஆபீஸ் மாதிரி வெளிச்சம் அடிக்கும் இடத்தில் உட்காருகிறவர்கள் 300 நிட்ஸுக்குக் குறையாமல் பாருங்க. முடிந்தால் லேப்டாப்பைக் கடை வாசல் பக்கம் திருப்பிப் பாருங்க.

6. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து கலரையும் முழு ஸ்கிரீனில் வைத்து, செத்த பிக்சல் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்க. வீட்டுக்கு வந்தபிறகு கண்டுபிடித்தால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

தம்பிக்கு என் பதில்

தம்பி, வெயிட் பண்ணாதீங்க. வாங்குங்க.

2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் என்று அரசு அறிவித்தபோது நீங்கள் படிப்பை முடிக்கிற கட்டத்தில் இருந்தீர்கள். 'லிஸ்ட்ல நான் வரலைண்ணா' என்று நீங்கள் சொன்னது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அதனால்தான் அம்மா எடுத்த சீட்டுக் காசை ஆரூடத்தை நம்பி முடக்கி வைக்கக் கூடாது என்கிறேன். ஆறு மாசம் காத்திருந்ததில் 4கே வரவில்லை. 8 தான் 6 ஆனது. அடுத்த மாசம் டீட்டெய்லிங் கம்பெனி டெஸ்ட் இருப்பதாகச் சொன்னீர்கள். அதற்கும் இந்த லேப்டாப்போடுதான் போவீர்களா?

உங்க பட்ஜெட்டில் 14 அல்லது 15.6 இன்ச்சில் 1920 × 1080 ஐ.பி.எஸ். தேடுங்க. அதே விலைக்குப் பக்கத்தில் 1920 × 1200 கிடைத்தால் விடாதீங்க. டிராயிங் வேலைக்கு உயரம்தான் முக்கியம், மேலே கணக்கில் பார்த்தோமே! திருவொற்றியூரில் மெட்ரோ ஏறினால் ரயில் மாறாமல் அரசினர் தோட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கும் தூரம். ரெண்டு மூணு கடை ஏறி இறங்குங்க. பென் டிரைவில் அந்த 385 டிராயிங்கை மறக்காமல் கொண்டுபோங்க. அதுதான் உங்களுக்கு சரியான டெஸ்ட்!

பணத்தை இப்போதே முழுசாக செலவு பண்ணப் பயமாக இருந்தால் இன்னொரு வழியும் இருக்கு. அக்காவின் லேப்டாப்பில் ஸ்கிரீன்தான் 1366. உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸுக்கு வெளியே ஒரு 1920 × 1080 மானிட்டரை ஓட்டத் தெரியும். பக்கவாட்டில் ஹெச்.டி.எம்.ஐ. ஓட்டை இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால் ஒரு மானிட்டரும் கேபிளும் போதும், லேப்டாப் விலையில் சின்னப் பங்குதான் ஆகும். டெஸ்ட் முடியும் வரை சமாளிக்கலாம். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு யார்டுக்கும் கிளாஸுக்கும் அலைய முடியாது என்பதையும் யோசிச்சுக்கோங்க.

கடைசியாக ஒண்ணு. எந்த ஸ்கிரீன் வாங்கினாலும், அளவை எழுதும்போது ஒரு தடவை முழுசா வச்சுப் பாருங்க, ஒரு தடவை ஜூம் பண்ணிப் பாருங்க. 4கே வந்தாலும் இந்தப் பழக்கத்தை விடாதீங்க. அப்பா இன்னும் அந்த 16 துண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்றீர்களே... புது லேப்டாப்பில் முதல் டிராயிங்கைத் திறக்கும்போது அவரைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்த 385ஐக் காட்டுங்க.

மற்ற ஃப்ரெண்ட்ஸுக்கு இந்த வார ஹோம் வொர்க்: உங்க ஸ்கிரீன் ரெசொல்யூஷன் என்ன என்று இப்பவே பாருங்க. 14 இன்ச்சா, 15.6 இன்ச்சா? இன்ச்சுக்கு எத்தனை கட்டம்? நோட்டில் 5 கட்ட 8ம் 6ம் போட்டுப் பார்த்தீர்களா? எழுதி அனுப்புங்க.

அடுத்த வாரம் வேற ஒரு மேட்டரோட மீட் பண்ணுவோம். வர்ட்டா!